சோம்பேறிக் கண்

தலையை ஆட்டாதீர்கள் சார். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் வாயால் சொல்லுங்கள். கத்தரி காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். உள்ளே நுழையும்போதே தெரியும். உங்கள் பையில் ஒரு கண் படம், அதற்குக் கீழே ஆஸ்பத்திரி பேர். அந்தப் பேரை என் வாயால் சொல்ல மாட்டேன், சொன்னால் உங்களுக்கு விளம்பரம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் என்று காலையிலேயே ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். முகாம் முடிந்தது, பஸ்ஸுக்கு நேரம் கிடக்கிறது, முடி வெட்டிக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறீர்கள். சங்கரன்கோவிலில் எத்தனை சலூன் இருக்கிறது! நான் உங்களைக் கூப்பிடவில்லை. நீங்களாக வந்து உட்கார்ந்தீர்கள்.

இப்போது ஒரு பக்கம் முடிந்துவிட்டது. மறுபக்கம் வெட்டுவேன், வெட்டாமல் விடமாட்டேன். அதற்கு முன்னால் பேச வேண்டியிருக்கிறது. எழுந்து போகிறேன் என்றால் போங்கள், பாதித் தலையோடு எந்தப் பஸ்ஸில் ஏறுவீர்கள்? உங்கள் மூக்குக் கண்ணாடியும் என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. அது இல்லாமல் எதிரே இருக்கிற கண்ணாடியில் என் முகம் மங்கலாகத்தானே தெரியும்? மங்கலாகவே இருக்கட்டும். எனக்கும் அதுதான் சௌகரியம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பேர் சங்கரபாண்டி. என் சாதிச் சான்றிதழில் மருத்துவர் என்று போட்டிருக்கும். சிரிக்காதீர்கள். எங்கள் அப்பா இந்த ஊரில் கத்தியால் முகமும் மழித்தார், கட்டியும் கீறினார். சிலந்திக் கட்டி, ராஜபிளவை எல்லாம் அவரிடம்தான் வரும். கீறி, பச்சிலை வைத்து, கட்டுப் போட்டு அனுப்புவார். உங்கள் டாக்டர்கள் படித்து வாங்கிய பேரை நாங்கள் பிறக்கும்போதே வாங்கிவிட்டோம். ஆனால் உங்கள் ஆஸ்பத்திரியில் போய் நின்றால், ‘யோவ், வரிசையில உக்காருய்யா’ என்கிறான் காக்கிச் சட்டைக்காரன். உட்கார்ந்தேன். நாலு செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தேன். செவ்வாய்தான் எங்களுக்கு லீவு.

என் மகள் கோமதி. கோமு என்போம். நாலு வயதில் தொடங்கியது. சோற்றைப் பிசையும்போது, தட்டைப் பார்க்கும்போது, இடது கண் மெல்ல மூக்கைப் பார்த்துப் போகும். நிமிர்ந்து தெருவைப் பார்த்தால் சரியாகிவிடும். நான் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. காளியப்ப அண்ணாச்சி, பலசரக்குக் கடைக்காரர், இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “ஏ சங்கரபாண்டி, உம்ம மக கண்ணப் பாத்தீரா? லச்சுமிக் கண்ணுவே அது. லேசா ஓரம் போனா அதிர்ஷ்டம். போற வீடு வெளங்கும்.”

அதை வீட்டில் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரி இசக்கி பூச்சந்தையில் வேலை பார்க்கிறவள். விடிகிறதுக்கு முன்னால் போய்விடுவாள். நாலு வியாபாரிகளிடம் கத்திக் கத்தி அவளுக்கு நாக்கு கூர்மையாகிவிட்டது. “அதிர்ஷ்டம் சோத்தப் பாக்கும்போது மட்டும் வருமாக்கும்?” என்றாள்.

அவள் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிப் போட்டாள். வெள்ளித் தகட்டில் இரண்டு கண். ஒற்றைக் கண்ணாகக் கிடைக்காதா, ஒரு கண்ணுக்குத்தானே கோளாறு என்று நான் கடைக்காரனிடம் கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஜோடியாத்தான் அண்ணாச்சி வரும், செருப்பு மாதிரி” என்றான். சாமி காரியத்தில் பேசுகிற பேச்சா?

தலையை நேரே வையுங்கள்.

ஒண்ணாம் வகுப்பு படிக்கும்போது அவள் பள்ளிக்கூடத்திலும் முகாம் வந்தது. உங்கள் ஆஸ்பத்திரிதான். சின்னப் பெண் ஒருத்தி, சுடிதார் போட்டு, கழுத்தில் அட்டை மாட்டி. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிகிறவரை உட்கார வைத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அதே பெண் சொல்கிறாள்: “பாப்பாவுக்கு தூரப்பார்வை அங்கிள். கண்ணாடி போடணும்.”

தூரப்பார்வை! நீங்களே சொல்லுங்கள் சார், அது குறையா? இந்தக் கடை வாசலில் நின்று, ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வருகிற பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பாள் கோமு. ‘தி-ரு-வே-ங்-க-ட-ம்’ என்று அவள் முடிக்கிறபோது எனக்கு அது பஸ்ஸா லாரியா என்றுகூடத் தெரியாது. தூரம் தெரிகிறவளுக்குக் கண்ணாடி எதற்கு? தூரம் தெரியாதவனுக்கு அல்லவா கண்ணாடி? இதைத்தான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

அவள் பொறுமையாகப் பேசுகிற மாதிரி பேசினாள். அந்தப் பொறுமை இருக்கிறதே, அதைவிட அவள் திட்டியிருக்கலாம். “தூரப்பார்வைன்னா, சும்மா பாத்தா தூரங்கூட மங்கல்தான் அங்கிள். சின்னப் பிள்ளைங்க கண்ணு முக்கி முக்கித் தெளிவாக்கிக்கும். தூரத்துக்கே முக்கணும். பக்கத்துல பாக்க இன்னும் ஜாஸ்தி முக்கணும். அப்படி முக்குறப்போ கண்ணு உள்பக்கமா இழுக்கும். அதான் சாப்பிடும்போது ஒரு கண்ணு மூக்குப் பக்கம் போகுது.”

முக்குகிறதாம். கண் என்ன, பிள்ளையா பெறப் போகிறது?

அதோடு விட்டாளா? அப்படி ஓரம் போகிற கண்ணிலிருந்து வருகிற படத்தை மூளை வாங்காதாம். வாங்காமல் இருந்து இருந்து, அந்தக் கண் பார்க்கவே பழகாதாம். “அதத்தான் சோம்பேறிக் கண்ணுன்னு சொல்வோம்.”

எப்படி இருக்கும்? ஆறு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோம்பேறி என்கிறாள். என் வீட்டில் யார் சார் சோம்பேறி? இசக்கி விடியுமுன் பூச்சந்தை. நான் காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால், முழங்கால் வீங்குகிறவரை நிற்கிறேன். பிள்ளை ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதில்லை. எங்கள் ஆட்களைச் சோம்பேறி என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்காருவார்கள், நாங்கள் நின்றுகொண்டு வெட்டுவோம். “வார்த்தைய அளந்து பேசும்மா” என்று கத்திவிட்டேன். காக்கிச் சட்டைக்காரன் ஓடி வந்தான்.

கண்ணாடி வாங்கினோம். தடித்த கண்ணாடி. போட்டால் கண் இரண்டும் பெரிதாகி ஆந்தைக் குஞ்சு மாதிரி விழிக்கிறாள். ஆனால் ஒன்று, பொய் சொல்லக் கூடாது. கண்ணாடி போட்டால் கண் நேராக நின்றது. சோறு தின்னும்போதும் நின்றது. இசக்கி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அழுதாள்.

சாயங்காலம் முகம் கழுவக் கோமு கண்ணாடியைக் கழற்றினாள். அப்போது பார்க்க வேண்டுமே சார் அந்தக் கண்ணை! முன்னே எல்லாம் சோற்றைப் பார்த்தால்தான் உள்ளே போகும். இப்போது என் முகத்தைப் பார்க்கும்போதே மூக்கோரம் போய் ஒட்டிக்கொண்டது. இல்லாததை உண்டாக்கியது எது? அந்தக் கண்ணாடி. குடி பழகினவனுக்குக் கை நடுங்குகிற மாதிரி, கண்ணாடி பழகின கண்ணுக்கு அது இல்லாமல் நிற்க முடியவில்லை. கண் கெட்டால்தானே நீங்கள் பிழைக்க முடியும்?

என்ன? அதற்கு முன்னால் முக்கிக்கொண்டு இருந்ததா? இப்போது முக்காமல் பழகிவிட்டு, கழற்றியதும் மறுபடி முக்குகிறதா? நீங்களும் அதே பாட்டைத்தான் பாடுவீர்கள் என்று தெரியும். அசையாதீர்கள்.

நான் கண்ணாடியை எடுத்து, அந்த மேஜை இழுப்பறையில், பவுடர் டப்பாவுக்குப் பின்னால் போட்டு வைத்தேன். பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டாள் என்று இசக்கியிடம் சொன்னேன். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. நாலு மாதம். தீபாவளிக்குக் கடை துடைக்க வந்த இசக்கி அதைக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவள் பேசிய பேச்சைத் தெருவே கேட்டது. ஒரு முகத்தில் பாதிதான் மழித்திருந்தேன், அந்த ஆள் துண்டை வைத்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுபடி ஆஸ்பத்திரி. மறுநாள் முகூர்த்தம், இசக்கிக்குச் சந்தையில் லீவு கிடைக்கவில்லை. நானும் பிள்ளையும் மட்டும் போனோம். இடது கண்ணால் மேலே இருக்கிற பெரிய எழுத்து ஒன்றைத்தான் படிக்கிறாளாம். வலது கண் எல்லா வரியையும் படிக்கிறதாம். கண்ணாடியைக் கழற்றவே கூடாது, அதோடு தினம் ஆறு மணி நேரம் ஒரு கண்ணை மூடி வைக்க வேண்டும் என்றார்கள். தோல் நிறத்தில், முட்டை வடிவத்தில், ஒட்டுகிற பிளாஸ்திரி. ஒரு பெட்டி கொடுத்தார்கள்.

அதே பெண்தான் சொன்னாள். பிள்ளைக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, “வலது கண்ண மூடணும் அங்கிள், மறந்துராதீங்க” என்றாள்.

இங்கேதான் சார் தொழில் தெரிந்தவன் வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இடது வலது குழம்பும். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். இந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, “வலது கிருதா கொஞ்சம் நீளமா இருக்குவே” என்பார்கள். அவர்கள் சொல்கிறது இடது கிருதாவை. சொன்னபடி செய்தால் முகம் கோணலாகிவிடும். சொல்கிறவர் தப்பாகத்தான் சொல்லுவார், நாம்தான் புரிந்துகொண்டு சரியாகச் செய்ய வேண்டும். அதுதான் தொழில். என்றைக்காவது என் கையில் முகம் கோணி எழுந்து போனவர் உண்டா, இந்த ஊரில் கேட்டுப் பாருங்கள்.

அவள் வலது என்றாள். குழம்பிச் சொல்கிறாள் என்று நான் இடது என்று எடுத்துக்கொண்டேன். கோளாறு இடது கண்ணில். புண் காலில் இருக்கக் கையில் கட்டுப் போடுவார்களா? எங்கள் அப்பா போட்டதில்லை. கெட்டுப்போன இடத்தை மூடி, காற்றுப் படாமல், வெளிச்சம் படாமல் ஓய்வு கொடுத்தால் தானாகத் தேறும்.

எட்டு மாதம் சார். காலையில் நான்தான் ஒட்டுவேன், இந்தக் கையால், சுருக்கம் விழாமல், புருவ முடி சிக்காமல். ஒருநாள் விட்டதில்லை. இசக்கி சந்தையிலிருந்து வருகிறதுக்குள் ஆறு மணி நேரம் முடிந்து உரித்தாகிவிடும். மற்ற பிள்ளைகள் எல்லாம் அழுமாம், பிய்த்துப் பிய்த்து எறியுமாம். வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் புலம்பினார்கள். கோமு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பிளாஸ்திரியோடு ஓடுவாள், கோலம் போடுவாள், வீட்டுப்பாடம் எழுதுவாள். “எப்படிப்பா இவ்வளவு சமத்தா இருக்கா?” என்று கேட்டாள் ஒருத்தி. வளர்ப்பு அப்படி என்றேன்.

மூன்றாம் மாதம் கூட்டிக்கொண்டு போனேன். தேறவில்லை என்றார்கள். ஆறாம் மாதமும் போனேன், இன்னும் இறங்கியிருக்கிறது என்றார்கள். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “ஒழுங்கா கட்டுறீங்களா? பாப்பா பிய்ச்சிடுறாளா?” என்றார். ஒருநாள் விடாமல் கட்டுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. ஏழை சொன்னால் நம்புவார்களா? அந்த ஆத்திரத்தோடு அங்கே போவதையே விட்டுவிட்டேன். இதுதான் சார் என் வழக்கு. நீங்கள் சொன்னதை எல்லாம் செய்தேன். செய்தும் என் பிள்ளை கண் இறங்கியது. இதற்கு யார் பதில் சொல்வது? நீங்கள்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

இல்லை, சொல்லாதீர்கள். நான் முடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் கூட்டம், நான் முன்னாலேயே கிளம்பிவிட்டேன். அன்றைக்கு இசக்கி வீட்டில் இருந்ததால் அவள் ஒட்டியிருக்கிறாள். மத்தியானம் சாப்பிடப் போனால், பிள்ளை வாசலில் என்னைப் பார்த்து ஓடி வந்தவள் நிலையில் இடித்துக்கொண்டாள். உள்ளே போய்த் தண்ணீர்ச் செம்பைக் கையால் துழாவுகிறாள். கண்ணீரில் பிளாஸ்திரி ஓரம் எல்லாம் ஊறிக் கிடக்கிறது. பார்த்தால், ஒட்டியிருந்தது வலது கண்ணில்!

ஒரே இழுப்பாக இழுத்துப் பிய்த்தேன். புருவத்தில் பாதி அதோடு வந்துவிட்டது. “நல்லாருக்க கண்ண மூடிப் பிள்ளையக் குருடாக்கப் பாக்கியாட்டி?” என்று கத்தினேன்.

இசக்கி கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “இத்தன நாளா நீங்க எந்தக் கண்ணுல ஒட்டுனீக?” என்றாள்.

“கோளாறு எதுல இருக்கோ அதுலதான். புண்ணு இருக்க எடத்துலதாண்டி கட்டுப் போடுவாக.”

“புண்ணா அது? சோம்பேறின்னுல்லா சொன்னாக. வேலக்காரன் ரெண்டு பேருல ஒருத்தன் படுத்தே கெடக்கான். எந்திரிச்சி வேலை செய்றவன நிப்பாட்டுனாத்தான படுத்துக் கெடக்கவன் எந்திரிப்பான்? நீங்க படுத்துக் கெடக்கவனுக்குப் போர்வைய இழுத்து மூடி விட்டுருக்கீக.”

பூச்சந்தைப் பேச்சு. அப்போது எனக்கு அப்படித்தான் பட்டது. கையை ஓங்கினேன், அடிக்கவில்லை. சாயங்காலம் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடையநல்லூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: “ஆஸ்பத்திரிக்குப் போயி எந்தக் கண்ணுன்னு கேளுங்க. உங்க வாயால கேளுங்க. கேட்டுட்டு வந்து கூப்புடுங்க, வாறோம்.”

பிள்ளையை அவள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பாள். இந்நேரம் வலது கண்ணில் ஒட்டிக்கொண்டிருப்பாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்டது போதாதாம், நான் கேட்க வேண்டுமாம். அவ்வளவு திமிர்.

ஏழு செவ்வாய்க்கிழமை போய்விட்டது. ஒரு செவ்வாய் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். இன்னொரு செவ்வாய் பஸ் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் எடுக்கிறதுக்குள் இறங்கிவிட்டேன். கேட்பதில் என்ன கஷ்டம் என்று உங்களுக்குத் தோன்றும். நாலெழுத்துப் படித்தவன் ஒன்றைக் கேட்டால் சந்தேகம் கேட்கிறான் என்பார்கள். நாங்கள் கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பார்கள். அந்தப் பெண் சிரித்தால் நான் என்ன செய்வேன்? சிரிக்காமல் பொறுமையாகப் பேசினால்?

இந்தப் பக்கமும் முடிந்துவிட்டது சார். பேச்சில் கவனிக்காமலே வெட்டிவிட்டேன். பின்கழுத்து மட்டும்தான் பாக்கி. இந்தாருங்கள் உங்கள் கண்ணாடி. போட்டுக்கொள்ளுங்கள். இல்லை, இல்லை, எழுந்திருக்காதீர்கள். கண்ணாடியில் பார்க்காமல் என் பக்கம் திரும்புங்கள்.

எந்தக் கண்ணை மூட வேண்டும்?

சத்தமாகச் சொல்லுங்கள். நல்ல கண்ணையா? நன்றாகப் பார்க்கிற கண்ணை.

சரி.

மூடினால் இடது கண் தேறுமா இனிமேல்? ஏழு வயது முடிந்துவிட்டது. ‘நாளாகும், ஆனா விட்டுறக் கூடாது’ என்கிறீர்கள். முழுசாக வரும் என்று சொல்ல முடியாதோ? முடியாது. சரி, அதையும் மறைக்காமல் சொன்னீர்கள்.

உங்களிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. இசக்கியிடமும் சொல்லவில்லை. பிளாஸ்திரி வாங்கி வந்த மறுநாள் காலை, முதல் தடவை ஒட்டப் போகும்போது, கோமு என் கையைப் பிடித்து அவள் வலது கண்ணில் வைத்தாள். “இதுப்பா. அந்த அக்கா இதத் தொட்டுத்தான் சொன்னாங்க” என்றாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். ‘ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு’ என்றேன். சும்மாதான் இருந்தாள். எட்டு மாதமும் சும்மாதான் இருந்தாள். நான் அதைச் சமத்து என்றேன்.

உங்கள் போனை எடுங்கள். நான் போட்டால் எடுக்க மாட்டாள், நம்பர் சொல்கிறேன், நீங்கள் போடுங்கள். என்ன என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? போடுங்கள் என்கிறேன். இசக்கி எடுத்தால், ‘கேட்டுட்டாரு’ என்று மட்டும் சொல்லுங்கள். என்ன கேட்டார், யார் பேசுகிறது என்றெல்லாம் அவள் கேட்க மாட்டாள்.

பிள்ளை எடுத்தால் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். என்னிடம் கொடுங்கள்.